ரிமோட்டுக்குப் பதிலாக ஒரு மாமா

என் மாமா எந்த வாக்கியத்தையும் நேராக ஆரம்பித்து நான் கேட்டதில்லை. முதலில் "அதாவது" என்று ஒரு முக்காலியைப் போட்டு, அதில் ஏறி நின்றுகொண்டுதான் பேசுவார். பசிக்கிறது என்றால்கூட, "அதாவது, மனுஷ உடம்புங்கறது என்னன்னா" என்று தொடங்குவார். அதற்குள் அத்தை தட்டை வைத்துவிடுவாள். அவர் கணக்குச் சொல்லித்தரும் டியூஷன் சென்டரில் பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'அதாவது சார்'. அவருக்கும் தெரியும். ஒருமுறை என்னிடம் ரகசியமாகக் கேட்டார்: "அதாவது, அப்படிக் கூப்பிடறதுல தப்பொண்ணும் இல்ல. ஏன் கூப்பிடறாங்கன்னுதான் புரியல."

சென்டர் ஒரு மெத்தைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. படி ஏறும்போதே ரப்பரும் பஞ்சும் கலந்த வாசனை வரும். பாதிப் பிள்ளைகளுக்கு வகுப்புக்குள் நுழையும் முன்பே தூக்கம் வந்துவிடும். முன்மேசையில் நான். சேர வருகிறவர்களிடம் சிரிப்பது, வராமல் போனவர்களின் வீட்டுக்குப் போன் செய்வது, இதுதான் என் உத்தியோகம். உள்ளே இரண்டு ஹால், நடுவில் பிளைவுட் தடுப்பு. இந்தப் பக்கம் மாமாவின் கணக்கு. அந்தப் பக்கம் கெமிஸ்ட்ரி மிஸ். தடுப்பு பார்வையை மட்டும்தான் தடுக்கும். கணக்குப் பிள்ளைகளுக்கு அமிலம் பாதி தெரியும். கெமிஸ்ட்ரி பிள்ளைகள் மாமாவைப் போலப் பேசிக் காட்டுவார்கள். மிஸ்ஸே நன்றாகப் பேசிக் காட்டுவார். அவருக்கு வாய் கொஞ்சம் நீளம், குரல் அதைவிட நீளம். மாமா ஒரே மூச்சில் நாலைந்து 'அதாவது' போட்டுவிட்டால் தடுப்பைத் தட்டி, "சார், எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க" என்பார்.

மாமா இங்கே வந்தது தற்காலிகமாகத்தான். பேங்க் பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வரும்வரை சும்மா இருப்பானேன் என்று வந்தார். முடிவு வந்தது. அவர் விளக்கம் சொல்லாத ஒரே விஷயம் அதுதான். தற்காலிகம் அப்படியே நரைத்து, கண்ணாடி போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து எழும்போது முழங்காலைப் பிடிக்க ஆரம்பித்துவிட்டது. ஆனால் போர்டு முன்னால் நிற்கும்போது அவரைப் பார்க்க வேண்டும். சட்டைப் பையில் நாலு கலர் மார்க்கர். காய்ந்துபோன மார்க்கரைத் தூக்கிப் போட மாட்டார். மூடியைக் கழற்றி ஊதி, உதறி, அதிலிருந்து இன்னும் ஒரு வட்டத்தைக் கறந்துவிடுவார். வெளியே அவர் பேச்சை யாரும் முழுசாகக் கேட்டதில்லை. மிக்ஸி ரிப்பேர்காரருக்கு மோட்டாரையும் பல் டாக்டருக்குப் பல்லையும் விளக்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர். அந்த ஒரு ஹாலில் மட்டும்தான் ஒரு கூட்டம் எழுந்து போக முடியாமல் உட்கார்ந்திருந்தது. போர்டு போனால் மாமாவுக்கு மிச்சம் நாங்கள்தான். நாங்களோ காது கொடுக்கிற ஆட்கள் இல்லை.

முதலாளி தன்னை டைரக்டர் என்று கூப்பிடச் சொல்வார். கீழே இருக்கும் மெத்தைக் கடை அவருடைய அண்ணனுடையது. அந்தக் குடும்பத்துக்கே குரலில் ஒரு தலையணை உண்டு. எதைச் சொன்னாலும் மெத்தென்று வைப்பார். ஒரு வாக்கியம் சொல்வார், அடுத்த வாக்கியத்தில் அதையே தலைகீழாகத் திருப்புவார். கேட்டவர் இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு வெளியே வந்து யோசிப்பார். என்னிடம் ஒருமுறை, "லீவு தாராளமா எடுத்துக்கோம்மா. வராம மட்டும் இருந்துடாத" என்றார்.

அவருக்குத்தான் ப்ரொஜெக்டர் ஆசை வந்தது. கணக்குப் பாடத்தை வீடியோவாக எடுத்து ஊர் ஊராக விற்கிற ஒருவர் இருக்கிறார். கோட்டு, பளீரென்ற பல், கையில் மந்திரக்கோல் மாதிரி ஒரு பேனா. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் வீடியோ சார். டைரக்டர் அந்த வீடியோக்களை மொத்தமாக வாங்கினார். மூடிப்போன ஏதோ ஆபீசிலிருந்து ஒரு பழைய ப்ரொஜெக்டரையும் வாங்கி, மாமாவின் ஹாலில் கூரையில் மாட்டினார். பிறகு மாமாவைக் கூப்பிட்டு ரொம்பக் கரிசனமாகப் பேசினார்.

"பாவம் சார், இவ்வளவு வருஷமா நின்னு நின்னு உங்களுக்குக் கால் வலிக்கும். இனிமே வீடியோ பாடம் நடத்தட்டும், நீங்க உக்காருங்க. உங்களக் கிளாஸ் எடுக்க வேண்டாம்னு யாரும் சொல்லல. எடுக்க வேண்டாம், அவ்வளவுதான்."

மாமா இதை வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னார், முழங்கால் வலியை டைரக்டர் எப்படியோ கவனித்துவிட்டார் என்று. அத்தை ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறவள். ஊசி குத்தும் முன் பேச்சுக் கொடுத்து ஆளை வேறு பக்கம் பார்க்க வைப்பது அவள் தொழில். அதனால் அதையே இன்னொருவர் செய்தால் உடனே பிடித்துவிடுவாள்.

"ஏங்க, அவரு குத்திட்டாரு. உங்களுக்கு இன்னும் உறைக்கல. அந்தப் படம் செவுத்துல ஓடற அன்னிக்கு உங்க போர்டு போச்சு."

ஆனால் படம் ஓடவில்லை. ரிமோட்டை டைரக்டர் பத்திரமாக டிராயரில் பூட்டி வைத்திருந்தார். திறந்தபோது பேட்டரி கசிந்து உள்ளே பச்சை பூத்திருந்தது. அதைச் சானிடைசரில் ஊற வைத்து வெயிலில் காயப்போட்டார். கொஞ்சநஞ்சம் ஒட்டியிருந்த உயிரும் போயிற்று. எல்லாக் கம்பெனிக்கும் பொருந்தும் என்று கடையில் விற்கும் ரிமோட் இந்தக் கம்பெனிக்கு மட்டும் பொருந்தவில்லை. கம்பெனியே இப்போது இல்லை. மெயின் சுவிட்சைப் போட்டால் ப்ரொஜெக்டர் எரியும். சுவரில் பெரிய நீலச் சதுரம் வரும், மூலையில் சிக்னல் இல்லை என்று எழுத்து வரும். லேப்டாப்பின் ஒயர் ஒரு ஓட்டையில் சொருகியிருக்க, அது வேறொரு காலி ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தது. இந்த ஓட்டையைப் பார் என்று சொல்லும் சோர்ஸ் பட்டன் செத்துப்போன ரிமோட்டில் இருந்தது.

ப்ரொஜெக்டரின் உடம்பிலும் பட்டன் உண்டு. ஆனால் அதை மாட்டிய கையோடு கூரைக்கு வெள்ளையடிக்க வந்த பெயிண்டர், அதை இறக்கி மாட்டச் சோம்பல்பட்டு, முன்பக்கம் மட்டும் பேப்பரை ஒட்டிவிட்டு மற்றதையெல்லாம் கூரையோடு கூரையாகப் பூசிவிட்டார். பட்டன்கள் பெயிண்டுக்கு அடியில் அசையாமல் கிடந்தன. டைரக்டர் ஏணி போட்டு ஏறி, பைக் சாவியால் சுரண்டிப் பார்த்தார். பட்டன் உள்ளே விழுந்துவிட்டது. உள்ளிருந்து ஏதோ உருளும் சத்தம் வந்ததும் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் போல இறங்கினார்.

மாமாவின் போர்டு தப்பியது. அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: எதையும் செய்யாமல் இருப்பது. உலகத்தில் எத்தனையோ பேர் அதைச் சுலபமாகச் செய்கிறார்கள். அத்தை அவரிடம் அதைத்தான் கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொண்டாள். வாயைத் திறக்காதீர்கள், மிச்சத்தைத் தூசி பார்த்துக்கொள்ளும் என்றாள்.

இதெல்லாம் ஒரு டீ நேரம்வரைதான் தாங்கியது. என் மேசைக்குப் பக்கத்தில்தான் எல்லாரும் நின்று டீ குடிப்பார்கள். டைரக்டர் பெருமூச்சு விட்டு, வீடியோ சாராக இருந்தால் இதை ஒரு நிமிஷத்தில் சரிசெய்திருப்பார், அவர் இன்ஜினியரிங் படித்தவராயிற்றே என்றார். வேண்டுமென்றே சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மாமாவின் டம்ளர் பாதி வழியில் நின்றது. கெமிஸ்ட்ரி மிஸ் அதைப் பார்த்துவிட்டு, "சார், டீ ஆறுது" என்றார். அப்படி ஒரு மெதுவான குரல் அவரிடம் இருப்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. மாமாவுக்குக் கேட்கவில்லை.

"அதாவது, ரிமோட்னா என்ன சார்? கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் சிமிட்டுது. அந்தச் சிமிட்டல் ஒரு சைன் வேவ். சைன் வேவ் என் சப்ஜெக்ட்டு."

மிஸ் தன் டம்ளரை நங்கென்று வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

அன்றே மாமா ஒரு பழைய இயர்போனின் ஒயரை வெட்டி, அதன் நுனியில் இரண்டு குட்டி இன்ஃப்ராரெட் பல்புகளைப் பற்றவைத்தார். ஒன்று இப்படிப் பார்க்க, மற்றது அதற்கு எதிராகப் பார்க்க. பிளக்கைத் தன் பழைய போனில் சொருகினார். சாப்பாட்டு மேசை முழுக்க ஈயப் பொட்டு. அத்தை பொட்டுகளுக்கு நடுவே இடம் பார்த்துத் தட்டு வைத்தாள். தட்டு வைத்த பிறகு கேட்டாள்: "தன் வேலைக்குத் தானே வேட்டு வைக்கிற ஆள எங்க லேபுல பாத்ததே இல்லீங்க. உங்க ரத்தத்த ஒரு தடவ எடுத்துப் பாக்கட்டா?" மாமா இதை அக்கறை என்று எடுத்துக்கொண்டு, சர்க்கரை எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார்.

விஷயம் என்னவென்று அவர் வகுப்பில் விளக்கியபோதுதான் எனக்கும் புரிந்தது. முன்மேசையிலிருந்து எட்டிப் பார்த்தேன். போர்டில் ஒரு அலை வரைந்திருந்தார், மேடும் பள்ளமுமாக. ரிமோட்டின் வெளிச்சம் செகண்டுக்கு முப்பத்தெட்டாயிரம் தடவை சிமிட்ட வேண்டும். போனில் வரும் சத்தத்தால் அவ்வளவு வேகம் போக முடியாது, பாதிதான் போகும். அதனால் இரண்டு பல்பு. அலை மேட்டில் ஏறும்போது ஒரு பல்பு எரியும், பள்ளத்தில் இறங்கும்போது எதிர்ப்பக்கம் பார்க்கும் பல்பு எரியும். பாதி வேகம், இரண்டு பல்பு, முழு வேகம் ஆயிற்று. பாட்டுப் பாடுகிற போன் இப்படி ரிமோட் ஆகிறது.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். அந்த வருடத்தில் அவன் தானாக எழுந்தது அதுதான் முதல் தடவை. "அப்ப மைனஸுக்கும் வெளிச்சம் வருமா சார்?"

"வரும்டா. அதாவது, நீ பரீட்சைல விட்டுட்டுப் போற மைனஸ் இருக்கே, அதுலதான் ஒரு பல்பே எரியுது."

அந்தப் பக்கம் கெமிஸ்ட்ரிகூட நின்றுபோயிருந்தது. மாமா மேலே போனார். ப்ரொஜெக்டருக்கு அனுப்பும் ஒவ்வொரு கட்டளையும் முதலில் ஒரு நீள வெளிச்சத்தில் ஆரம்பிக்கும், கவனி என்று அதட்டுகிற மாதிரி. அப்புறம் விலாசம், எந்தக் கம்பெனிக்கு என்று. உடனே அதே விலாசம் தலைகீழாக இன்னொரு தடவை. அப்புறம் செய்ய வேண்டிய வேலை. அதுவும் தலைகீழாக இன்னொரு தடவை. இரண்டும் ஒன்றுக்கொன்று சரியாக எதிராக இருந்தால்தான் மெஷின் நம்பும். முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி, "டைரக்டர் சார் பேசற மாதிரியே இருக்கு சார்" என்றாள். மாமா சிரிக்கவில்லை. யோசித்துவிட்டு, அதாவது டைரக்டர் பேசுவதில் பிழை இருந்தால் கண்டுபிடிக்க முடியாது, இதில் முடியும் என்று வித்தியாசத்தை விளக்கினார்.

அந்தக் கம்பெனியின் விலாசத்தை யாரோ ஒரு புண்ணியவான் வேறொரு மாடலுக்காக இன்டர்நெட்டில் எழுதி வைத்திருந்தார். சோர்ஸ் பட்டனின் எண்தான் தெரியவில்லை. பூஜ்யத்திலிருந்து இருநூற்றைம்பத்தைந்து வரை ஏதோ ஒன்று. மாமா ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு சத்தத் துண்டு செய்து போனில் வரிசையாக வைத்தார். வகுப்பின் கடைசியில் கொஞ்ச நேரம், பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது, ப்ரொஜெக்டரைப் பார்த்து ஒவ்வொன்றாக அனுப்புவது என்று ஏற்பாடு.

முதல் நாள் அனுப்பினார். ப்ரொஜெக்டர் அசையவில்லை. ஆனால் முன் பெஞ்சு முகத்தைச் சுளித்தது. அடுத்ததை அனுப்பினார். நடு பெஞ்சு காதைப் பொத்தியது. மாமா நிறுத்திவிட்டு, கேலி செய்வது சுலபம், ஒரு விஷயத்தை முயற்சி செய்து பார்ப்பதுதான் கஷ்டம் என்று ஆரம்பித்தார்.

"சார், கேலி இல்ல சார். உங்க போனு கத்துது."

"எங்க கத்துது? சும்மா இருக்கு."

"கொசு காதுக்குள்ள போற மாதிரி கத்துது சார்."

மாமா போனைக் காதில் வைத்துப் பார்த்தார். குலுக்கினார். என்னைக் கூப்பிட்டார். எனக்கும் பல் கூசியது. பிளக் முழுதாக உள்ளே போகாமல் சத்தம் வெளியே வந்துகொண்டிருந்திருக்கிறது. அந்த அளவு கீச்சான சத்தம் இளசுகளுக்குத்தான் கேட்கும், வயதானால் அந்தக் கதவு மூடிவிடும் என்று அவரே அடுத்த நிமிஷம் எங்களுக்கு விளக்கினார், தன் வயதைப் பற்றி அல்ல, யாரோ ஒருவருடைய வயதைப் பற்றிப் பேசுவது போல. பிளக்கை அழுத்தினார். சத்தம் நின்றது. ப்ரொஜெக்டரின் பச்சை விளக்கு ஒருமுறை சிமிட்டியது. யாரோ தன்னிடம் பேசுகிறார்கள் என்று அதற்குப் புரிந்துவிட்டது.

அதற்கப்புறம் அந்த ஹாலை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வராமல் போனவர்களின் வீட்டுக்கு நான் போன் செய்கிற வேலையே இல்லாமல் போயிற்று. ஒரு எண்ணுக்கு நீலச் சதுரம் தலைகீழானது. ஒரு எண்ணுக்கு மெனு முழுக்க எங்களில் யாருக்கும் தெரியாத ஒரு மொழிக்கு மாறியது. பிள்ளைகள் அதை வாசித்துக் காட்டினார்கள். ஒரு எண்ணுக்குச் சுவரில் சத்தத்தின் அளவுக் கோடு நீண்டது, அடுத்ததற்குச் சுருங்கியது. ஒவ்வொரு எண்ணையும் அனுப்பும் முன் அது எப்படிப்பட்ட அலையாக வரும் என்று பிள்ளைகள் நோட்டில் வரைந்தார்கள். பல வருடமாக அவர் தொண்டை கிழியச் சொல்லியும் ஏறாத சைன் வேவ், அந்த நாட்களில் கெமிஸ்ட்ரி ஹால்வரை ஏறியது. தன் வாழ்க்கையிலேயே நல்ல பாடத்தை மாமா அப்போதுதான் எடுத்தார், அது எதற்காக என்பதை மட்டும் மறந்துவிட்டு.

அத்தை தினமும் வாசலிலேயே கேட்பாள், இன்னும் கிடைக்கவில்லையே என்று. அவள் குரலில் இருந்த ஆவலை அவர் வேறு மாதிரிப் புரிந்துகொண்டு, கவலைப்படாதே, நெருங்கிவிட்டேன் என்று தேற்றுவார்.

ஒரு நாள் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது நானே கேட்டுவிட்டேன். "மாமா, அது கிடைச்சுட்டா உங்க கிளாஸ் போயிடுமே."

சிக்னலில் நின்றிருந்தோம். பச்சை விழுந்தும் அவர் கிளம்பவில்லை. பின்னால் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். "அதாவது, கிடைக்கிற வரைக்கும் கிடைக்கலன்னுதானம்மா அர்த்தம்" என்றார்.

கிடைத்துவிட்டது. ஒரு மாலை, யாரும் எதிர்பார்க்காத ஒரு எண்ணுக்கு, நீலம் கண்ணைச் சிமிட்டிவிட்டு மறைந்தது. சுவர் முழுக்க வீடியோ சாரின் முகம், ஒவ்வொரு பல்லும் செங்கல் அளவு. பிள்ளைகள் பெஞ்சைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். கைதட்டல் மாமாவுக்குத்தான், ஆனால் வீடியோ சார் தனக்கென்று நினைத்தவர் போலச் சரியாக அந்த நேரத்தில் கையைக் கூப்பினார். டைரக்டர் ஓடி வந்து மாமாவைக் கட்டிக்கொண்டார். கட்டிக்கொண்ட கையை எடுக்காமலே, திங்கட்கிழமையிலிருந்து இதுதான் என்றார்.

மாமாவின் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் உள்ளே ஆள் இல்லை.

திங்கட்கிழமை போர்டை மூடி வெள்ளைத் திரை தொங்கியது. மாமாவைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள், போனும் இரண்டு பல்பு வைத்த ஒயருமாக. ஆரம்பிப்பது, நிறுத்துவது, சத்தத்தைக் கூட்டுவது, குறைப்பது அவர் வேலை. முடிவில் சந்தேகம் கேட்கப் பத்து நிமிஷம் அவருக்கு ஒதுக்கப்பட்டது. ஆள் பாதி ஆனதால் சம்பளமும் மரியாதையாகப் பாதியில் உட்கார்ந்தது. ஒரு பெண் திரையைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். வீடியோ சார் பேசிக்கொண்டே போனார். அவள் கையை மெல்ல இறக்கிக்கொண்டாள். கடைசி பெஞ்சில் மாமாவின் விரல்கள் சட்டைப் பையில் மார்க்கரைத் தேடின. அன்றைக்கு வண்டியில் வரும்போது வீடு வரும்வரை அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அத்தை சொல்லிக் காட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, சைன் வேவ் என்றால் என்ன என்று கேட்டாள். மாமா தூக்கம் வருகிறது என்று எழுந்து போய்விட்டார்.

டைரக்டருக்கு ருசி கண்டுவிட்டது. ரிமோட் இல்லாத ப்ரொஜெக்டர் சல்லிசாகக் கிடைக்கும், யாரும் வாங்க மாட்டார்கள். அவர் வாங்குவார். ரிமோட் எதற்கு, நம்ம சார் இருக்கிறாரே என்றார். அடுத்த மாதமே கெமிஸ்ட்ரி ஹாலின் கூரையில் இன்னொன்று தொங்கியது. கெமிஸ்ட்ரி வீடியோவும் வந்து இறங்கியது. அதில் கோட்டுப் போட்ட ஒரு அம்மா, புகை வரும் குடுவையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். டைரக்டர் மிஸ்ஸின் தொண்டையைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தார். பாவம் மிஸ், இவ்வளவு வருஷமாகக் கத்திக் கத்தி என்றார்.

மாமாவுக்கோ உயிர் வந்துவிட்டது. அதை மறைக்க முடியுமா? வேறு கம்பெனி, வேறு விலாசம், ஒருவேளை அலையே வேறாக இருக்கலாம் என்று படியேறும்போதே சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு பிரச்சினை கையில் கிடைத்ததும் கண்ணில் அந்தப் பழைய ஆள் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார்.

வகுப்பு முடிந்து காலியான ஹால். டைரக்டர், மாமா, நான், போர்டை அழித்துக்கொண்டிருந்த மிஸ். டைரக்டருக்குப் போன் வந்து, பேசிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பினார். மிஸ் டஸ்டரை வைத்துவிட்டு மாமாவிடம் வந்தார். குரலில் கேலி இல்லை.

"சார், தம்பிய இப்பத்தான் காலேஜ்ல சேத்திருக்கேன். இது ஓடுச்சுன்னா நான் வீட்டுக்குப் போகணும். உங்களுக்காவது கடைசி பெஞ்சு கொடுத்தாரு. எனக்கு அதுவும் இல்ல. அவ்வளவுதான் சார். நீங்க பாருங்க."

சொல்லிவிட்டுத் திரும்பிப் போய், அழித்த போர்டையே மறுபடி அழித்தார்.

மாமா போனைத் தூக்கிப் பிடித்தார். ஒன்றை அனுப்பினார். ஒன்றுமில்லை. இன்னொன்று. ஒன்றுமில்லை. மூன்றாவதாக வேறொரு விலாசத்தை மாற்றி அனுப்பினார். ப்ரொஜெக்டரின் நெற்றியில் பச்சை விளக்கு சிமிட்டியது. நான் பார்த்தேன். மிஸ் பார்த்தார். மாமா பார்த்தார். முதல் ப்ரொஜெக்டரின் விலாசத்தை யாரோ எழுதி வைத்திருந்தார், இதன் விலாசத்தை அவரே பிடித்துவிட்டார், ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அவர் உதடு தானாக விரிந்தது. அந்த 'அ' நுனி நாக்குவரை வந்து நின்றதை என்னால் பார்க்க முடிந்தது.

டைரக்டர் போனை வைத்துவிட்டுத் திரும்பினார். "என்ன சார், ஆச்சா?"

மாமா பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார். அவர் இவ்வளவு நிதானமாக ஒயர் சுற்றி நான் பார்த்ததில்லை.

"எனக்குத் தெரியல சார்."

முக்காலி இல்லாமல், தரையில் நின்று பேசினார். டைரக்டருக்கே சங்கடமாகிவிட்டது. நீங்கள் முடியாது என்று சொல்கிறீர்களா, ஆனால் முடியும்தானே என்று இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்தார். இது வேற மாதிரி மெஷின், என் படிப்புக்கு எட்டாது, வேறு யாராலும் ஆகும் என்றும் தோன்றவில்லை என்றார் மாமா. டைரக்டர் ப்ரொஜெக்டரைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், இரண்டையும் பழைய சாமான் என்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கீழே மெத்தைக் கடைக்குப் போனார்.

மிஸ் நன்றி எதுவும் சொல்லவில்லை. அவர் கெட்டிக்காரி, அதைவிடப் பெரிய காரியம் செய்தார். மறுநாளிலிருந்து, கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் மாமாவின் தோல்வியைப் பரப்ப ஆரம்பித்தார். டீ நேரத்தில் டைரக்டர் முன்னாலேயே, பாவம் சார் மண்டையை உடைத்துக்கொண்டார், நம்மாட்களுக்கு இதெல்லாம் எங்கே வரும் என்று உச்சுக் கொட்டினார். டைரக்டர் ஆமாம் என்றார், அப்படிச் சொல்லவும் முடியாது என்றார், கடைசியில் கெமிஸ்ட்ரி வீடியோவைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று விசாரிக்கக் கிளம்பினார். மாமா ஆறிய டீயைக் குடித்தார். மூன்றாவது தடவை அனுப்பிய எண், அந்த விலாசம், அதை அவர் எப்படி ஊகித்தார், எல்லாம் அவர் தொண்டையில் நின்றது. வீட்டில் அத்தையிடம் மட்டும் சொன்னார். அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடியே முழுசாகக் கேட்டாள், மேடு, பள்ளம், மைனஸ் உட்பட. நடுவில் ஒரு தடவைகூடத் தட்டு வைக்கவில்லை.

போன வாரம் நான் வருகைப் பதிவு எடுக்க மாமாவின் ஹாலுக்குப் போனேன். திரையில் வீடியோ சார், கடைசி பெஞ்சில் மாமா. தடுப்புக்கு அந்தப் பக்கம் மிஸ் முழு மூச்சில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். பாடத்தின் நடுவே, எல்லாம் தெரியும் என்று சொல்கிற சில பேர் இருக்கிறார்கள், கடைசியில் ஒரு பச்சை விளக்கைச் சிமிட்ட வைக்க அவர்களால் ஆகாது என்றார், எங்கள் ஹாலுக்கும் கேட்கும்படியாக. பிறகு மாமாவைப் போலவே, அந்த இழுப்போடு, "எனக்குத் தெரியல சார்" என்று பேசிக் காட்டினார். அந்த ஹால் சிரித்தது. எங்கள் ஹாலும் சிரித்தது. சில பிள்ளைகள் பின்னால் திரும்பி மாமாவைப் பார்த்தார்கள்.

அவர் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. பாதி எழுந்தார். எழுந்தவர் என்ன நினைத்தாரோ, உட்கார்ந்து, போனை எடுத்து ப்ரொஜெக்டருக்கு நேராக நீட்டி வீடியோ சாரின் சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். வீடியோ சார் காது கிழியக் கத்தினார். சிரிப்பு அதில் அடங்கிப்போயிற்று.

தடுப்பு தட்டப்பட்டது.

"சார், சத்தத்தக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க. இங்க கிளாஸ் நடக்குது."

மாமா குறைத்தார்.